நாகூம் என்றால் ஆறுதல்

நாகூம் பிறப்பதற்கு முந்தின வருஷம் அவருடைய அக்கா மூன்று வயசில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊர். அம்மா அதன்பிறகு வேதக்கோயிலுக்கே போகவில்லை. பிள்ளை பிறந்ததும் சபை உபதேசியார்தான் வீடு தேடி வந்து பேர் சொன்னார்.

"நாகூம்னு வைம்மா. தீர்க்கதரிசி பேரு. எபிரெய பாஷையில ஆறுதல்னு அர்த்தம்."

அம்மா அதைக் கேட்டு அழுதாளாம். அப்புறம்தான் பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்தாளாம்.

வளர்ந்த பிறகு அந்தத் தீர்க்கதரிசி என்னதான் சொன்னார் என்று நாகூம் பைபிளில் வாசித்துப் பார்த்தார். மூன்றே அதிகாரம். நினிவே என்கிற பட்டணம் அழியப்போகிறது என்பதைத் தவிர பெரிதாக வேறொன்றும் இல்லை. இப்படிச் சேதி கொண்டுவந்தவருக்கா ஆறுதல் என்று பேர் என்று பாஸ்டரிடமே கேட்டார்.

"அந்தப் பட்டணத்துக்காரன்கிட்ட அடிபட்டுக் கிடந்தவனுக்கு அது ஆறுதல்தானே தம்பி" என்றார் பாஸ்டர். நாகூமுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

கல்யாணமான கையோடு மனைவி ரோஸ்மேரியுடன் திருப்பூர் வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராகச் சேர்ந்தார். நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. ஆவியில் முகம் எப்போதும் வெந்தே இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

ஒருநாள் பக்கத்து டேபிளில் தேய்த்துக்கொண்டிருந்த மூக்கையாவுக்கு ஊரில் அப்பா தவறிப்போனதாகத் தகவல் வந்தது. வேலைநேரத்தில் எல்லாருடைய போனும் கேட்டில் வாங்கி வைக்கப்படும். எந்தத் தகவலும் ஆபீசுக்குத்தான் வரும். மேனேஜர் பெருமாள்சாமி நல்ல மனுஷன். ஆனால் சாவுச் சேதி சொல்ல அவருக்கு நாக்கு எழாது. வெளியே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாகூம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மூக்கையாவை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். பஸ் ஏறும்வரை அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்படீங்க இப்படித் தன்மையாச் சொன்னீங்க?" என்று பெருமாள்சாமி கேட்டார்.

நாகூம் ஒரு பேச்சுக்கு, தன் பேரின் அர்த்தத்தைச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் பலமுறை நினைத்தார். அதிலிருந்து யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஆபீசிலிருந்து ஆள் வரும். "நாகூமண்ணா, உங்களைக் கூப்பிடறாருங்க." அயர்ன் பாக்ஸை நிறுத்திவிட்டுப் போவார். திரும்பி வந்து தேய்ப்பார். கைகள் அதுபாட்டுக்கு ஓடும். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

ஒருநாள் கறைக்குக் குறி போடும் சாக்பீஸ் தீர்ந்துபோய், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பக்கம் நடந்தார். அங்கே வேலை செய்த தரணி அவர் வருவதைப் பார்த்தாள். கையிலிருந்த பனியன் கீழே விழுந்தது.

"எங்க ஊட்டுல யாருக்குங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல தாயி. சாக்பீஸ் வாங்க வந்தேன்."

அவள் நம்பவில்லை. உட்கார்ந்து அழுதே விட்டாள். அந்த வாரமே பெருமாள்சாமியிடம் போய், "இனிமே இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க சார்" என்றார் நாகூம்.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படீங்க? உங்க பேருக்கே அதுதானுங்களே அர்த்தம்."

நாகூம் திரும்பி வந்து அயர்ன் பாக்ஸைப் போட்டார்.

அடுத்த சேதி ஒச்சம்மாளுக்கு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஓவர்லாக் டெய்லர். புருஷன் இல்லை. ஒரே மகன் மாரிச்செல்வம் பல்லடத்தில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் கறிக்கோழி வண்டியோடு மோதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் நாகூம் ஆபீசுக்குள் போனார். பெருமாள்சாமியின் முகத்தைப் பார்த்ததும் தையல் லைன் பக்கம் கிளம்பினார்.

அவர் பக்கத்தில் வந்து நின்றபோது ஒச்சம்மாள் மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே சொன்னாள்.

"போயிருங்கண்ணே. எதுவும் சொல்லாதீங்க. போயிருங்க."

அவர் நின்றார். பிறகு சொன்னார்.

அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சில் அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்கும் பிறகு உசிலம்பட்டிக்கும் அவளோடு போனார். குழியில் மண் தள்ளியபோதும் அங்கேயே நின்றார். 

காரியம் முடிந்து ஒச்சம்மாள் வேலைக்குத் திரும்பினாள். நாகூமைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீ நேரத்தில் அவர் நிற்கும் பக்கம் வருவதில்லை. அவர் நடந்துபோனால் அவள் தையல் கோணிப்போகும். லைனில் திட்டு வாங்குவாள். ஒருநாள் கேட்டுக்கு வெளியே அவளே அவரை நிறுத்தினாள்.

"உங்க மேல கோவமில்லண்ணே. நீங்க எனக்கு உடன்பிறந்தவன் மாதிரி நின்னீங்க. ஆனா உங்களைப் பார்த்தா அந்தக் காலை திரும்ப வருது. நீங்க நடந்து வர்ற சத்தம் கேட்டாலே எம்புள்ள மறுபடி சாகுறான். நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யவேண்டாம்" என்றார் நாகூம்.

இந்த வயசில் அவளால் வேறு கம்பெனி தேடி அலைய முடியாது. குடியிருப்பதும் கம்பெனிக்குப் பின்னால் உள்ள காலனியில்தான். வீட்டுக்கு வந்து ரோஸ்மேரியிடம், "நான் வேலையை விட்டு நின்னுக்கிடுதேன்" என்றார். ரோஸ்மேரி ஏன் என்று கேட்கவில்லை. "உங்க மூஞ்சியைப் பார்த்து நானே எப்பவோ சொல்லியிருக்கணும்" என்றாள். பெருமாள்சாமி மட்டும் வாசல்வரை வந்து, "யோசிங்க, யோசிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பல்லடம் ரோட்டில் ஒரு சின்ன யூனிட்டில் தேய்க்கிறார். கட்டிங் மாஸ்டர் காஜா மொய்தீன் முதல் நாளே அவரை நாகூர் என்று கூப்பிட ஆரம்பித்தார். நாகூம் திருத்தவில்லை. ரோஸ்மேரி ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்தபோதுதான் சரியான பேர் தெரிந்தது.

"அட, நாகூமுங்களா! அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று காஜா மொய்தீன் கேட்டார்.

"தெரியாதுங்க. எங்கம்மாவுக்குப் பிடிச்சி வச்ச பேரு."

சில மாசம் கழித்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரோஸ்மேரி ஒச்சம்மாளைப் பார்த்தாள். இப்போதெல்லாம் கம்பெனியில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்றாளாம். தையல் நேராக விழுகிறதாம். "அண்ணனை ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க. ஆனா பார்க்க வரமாட்டேன்" என்று சொல்லி, கூடையிலிருந்து நாலு முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

நாகூம் கேட்டுக்கொண்டார். கால் வீங்கியிருந்தது. சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சாம்பார் வையி" என்றார்.