பூசணியம்மா காயை வெட்டிய நாள்

சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் இருந்தது. ஆனால் பத்தொன்பது வருஷமாகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, பிள்ளைகளுக்குக் காய்கறிச் சத்துகளைப் பற்றிப் பேசுகிறவளை யார் அந்தப் பெயரால் கூப்பிடப் போகிறார்கள்? எல்லாருக்கும் அவள் 'பூசணியம்மா'தான். மாதத்துக்கு ஒரு மஞ்சள் பூசணியை அலுவலகம் கொடுக்கும். அந்த ஒரே காய் இருபது பள்ளிகளுக்கும் போய்வர வேண்டும். ஆகவே வெட்டக் கூடாது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக முறையிட்டுக்கொண்டிருந்தன. லாரி ஓட்டி ஓய்ந்த கணவர், அவள் காய்ப் பையைத் தூக்கும்போதெல்லாம், "பிள்ளையைப் பத்திரமா கூட்டிட்டுப் போ, பஸ்ல ஜன்னல் சீட் குடு" என்பார். முதல் சில வருஷங்கள் சிரித்தாள். இப்போது செருப்பைத் தேடிக்கொண்டே "ம்" என்பதோடு சரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த மாதத்தின் எட்டாவது பள்ளி. மூன்றாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். காயை மேசைமேல் வைத்ததும் வாய் தன்பாட்டுக்குப் பேசத் தொடங்கியது.

"இதோட தோல் கெட்டி. அதனால பறிச்சு வெச்சா மாசக்கணக்குல கெடாது, மழைக்காலம் பூரா வெச்சுச் சாப்பிடலாம். உள்ள ஆரஞ்சு நிறமா இருக்குமே, அது நம்ம உடம்புக்குள்ள போய் வைட்டமின் ஏ-யா மாறும். கண்ணுக்கும் தோலுக்கும் நல்லது. நார்ச்சத்தும் இருக்கு..."

நடுவில் அவள் மனசு வீட்டுக்குப் போய், தண்ணீர்க் குழாயை மூடினேனா என்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. வாய்க்கு அது தெரியவே இல்லை.

"கேள்வி இருக்கா?"

முன்வரிசைப் பையன் எழுந்தான். "இது கண்ணுக்கு நல்லதுன்னா நீங்க ஏன் கண்ணாடி போட்டிருக்கீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லாப் பள்ளியிலும் கேட்கிற கேள்விதான். "இது வயசானா வர்ற கண்ணாடி. பூசணி சத்து குடுக்கும், வயசையா நிறுத்தும்?" என்றாள்.

ஜன்னலோரத்திலிருந்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கேட்டாள். "ருசி எப்படி இருக்கும்?"

"இனிப்பா இருக்கும்மா."

"எங்கப்பா கொழகொழன்னு இருக்கும்னு சொன்னாரு. யார் சொல்றது நிஜம்?"

பூசணியம்மாவுக்குத் தான் கடைசியாக எப்போது பூசணி சாப்பிட்டோம் என்றே நினைவில்லை. மாதம் முழுக்கச் சுமக்கிற பண்டத்தை வீட்டிலும் சமைக்க யாருக்கு மனசு வரும்? இத்தனை வருஷத்தில், இத்தனை பிள்ளைகளில், ஒரு பிள்ளை வாயிலும் ஒரு துண்டு விழுந்ததில்லை. மாதக் கடைசியில் காய் அலுவலகத்துக்குத் திரும்பும். அதன்பிறகு அது குப்பைக்குத்தான் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

கோபம் ஒன்றும் வரவில்லை. அலுப்புதான் வந்தது. இன்னும் பன்னிரண்டு பள்ளிகளுக்கு இதைத் தூக்க முடியாது என்று தோன்றியது. காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே பள்ளிச் சமையலறைக்கு நடந்தாள்.

"என்னக்கா, காயோட வர்றீங்க?" என்றாள் சமையல்காரி.

"வெட்டணும். பெரிய கத்தி இருக்கா?"

"ஐயோ, இது காட்டறதுக்கு வெச்சிருக்கறதாச்சே! ஆபீஸ்ல திட்டமாட்டாங்களா?"

"திட்டுவாங்க. நீ வெட்டு."

கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது, இழுத்தால் வரவில்லை. சமையல்காரி கத்தியும் காயுமாகச் சேர்த்துத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். காய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே அத்தனை நிறம்! இரண்டு பேருமாக விதையை வழித்துத் துண்டு போட்டார்கள். ஆவியில் வேகவைத்து, உப்பும் மிளகுத் தூளும் தூவினார்கள்.

"ஒரு கரண்டி எண்ணெயும் விடு. எண்ணெய் சேர்ந்தாத்தான் அந்தச் சத்து உடம்புல ஒட்டும்" என்றாள் பூசணியம்மா. இத்தனை வருஷம் சொல்லிவந்த வாக்கியம், முதல் தடவையாக ஒரு பாத்திரத்துக்குப் பயன்பட்டது.

வகுப்பில் ஆளுக்கொரு துண்டு தட்டில் வைத்தார்கள். பத்துப் பேர் தொடவே இல்லை. ஒருவன் "சோப்பு மாதிரி இருக்கு" என்று துப்பினான். இன்னொருத்தி தன் துண்டைப் பக்கத்துத் தட்டுக்குக் கடத்தினாள். இரட்டைப் பின்னல்காரி மட்டும் கண்ணை மூடி நிதானமாக மென்றாள். "இனிப்பாவும் இருக்கு, கொழகொழன்னும் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினாள். மறுபடி கேட்டவர்கள் பதினாலு பேர். பூசணியம்மாவும் நின்றபடியே ஒரு துண்டு தின்றாள். அந்தச் சிறுமி சொன்னது சரிதான்.

மறுநாள் காலையில் அதிகாரி போன் செய்தார். அவள் வயதில் பாதி இருக்கும் அவருக்கு.

"காயை வெட்டிட்டீங்களாமே மேடம்? மிச்ச ஸ்கூல்ல எதைக் காட்டுவீங்க?"

"படத்தைக் காட்டறேன் சார்."

"இனிமே இப்படிப் பண்ணாதீங்க."

"சரி சார்."

அறிக்கைப் படிவத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பத்தாறு என்று நிரப்பினாள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்கிற கட்டம் இல்லை. பதினாலு பேர் இரண்டாம் முறை கேட்டதை ஓரத்தில் எழுதி அனுப்பினாள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மீதிப் பள்ளிகளில் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், அவளும் விட்டாள். அடுத்த மாதம் புதுக் காய் வந்தது. முதல் பள்ளியிலேயே நேராகச் சமையலறைக்குப் போனாள். அதிகாரி போன் செய்தார். "சரி சார்" என்றாள். அதற்கடுத்த மாதம் போனும் வரவில்லை.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு பள்ளி சாப்பிட்டது, பத்தொன்பது பள்ளிகள் படம் பார்த்தன. நியாயமில்லைதான், அவளுக்கும் தெரியும். அதற்குமேல் முட்டி மோத அவளிடம் தெம்பு இல்லை.