பனியாற்றில் ஒரு குற்றாலக் குளியல்

தென்காசிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. தண்ணீர் மேலேயிருந்து விழுந்தால் தலையைக் கொடுக்காமல் வரமாட்டான். இந்த வியாதியை நான் இமயமலை வரை கொண்டுபோனேன்.

அங்கே ஒரு பனிச் சிகரத்தை அடிவாரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அதன் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. அவளோ படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, முட்டிவலியோடு ஆறு மாதம் செண்பகாதேவி அருவிப் பாதையில் ஏறி இறங்கிப் பழகினாள். நான் துணைக்குக் கிளம்பியவன். குற்றால மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பயிற்சி எதற்கு என்று திமிர்.

மேலே போகப் போக மரங்கள் நின்றுபோயின. கணுக்காலுக்கு மேல் வளர எந்தச் செடிக்கும் துணிச்சல் இல்லை. பனியாறு என்று காட்டினார்கள். பாதி வேலையில் விட்டுப்போன ரோட்டு ஜல்லி மாதிரி அழுக்காகக் கிடந்தது. ஆனால் அதன் விளிம்பிலிருந்து உருகிய தண்ணீர், ஓராள் உயரத்துக்கு அருவியாய் விழுந்தது. கை அரித்தது.

மறுநாள் காலை சிகரத்தடிக்கு ஏற வேண்டும். வழிகாட்டி கூடாரம் அடிக்கும் நேரம் பார்த்துத் துண்டைக் கட்டினேன். பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கல்லாய் உறைந்திருந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். குச்சியால் தோண்டி எடுத்து உச்சியில் தேய்த்தேன்.

"ஏங்க, வேண்டாம்" என்றாள்.

"ஏட்டி, மார்கழியிலயே ஐந்தருவியில குளிச்சவன் நான்."

அருவிக்குள் தலையைக் கொடுத்ததும் பல் கிட்டிப்போனது. என்னைத் தூக்கிவந்து இரண்டு படுக்கைப் பைகளுக்குள் திணித்தார்கள். காலையிலும் உதறல் நிற்கவில்லை. வழிகாட்டி என்னைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். சாமான் சுமந்துவந்த குதிரைக்காரரோடு உடனே இறங்க வேண்டுமாம்.

அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. என் கூத்தால் அவள் ஆசை போச்சு. கூடவே இறங்கிவருவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருடமாக என் காய்ச்சலுக்கெல்லாம் கஞ்சி வைத்தவள்.

"இன்னும் நடுங்குதீங்களே. பாத்து எறங்குங்க" என்றாள், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "நான் பாத்துட்டு வாரேன்."

மறுநாள் மூக்குத் தோல் உரிந்து, கீழே இருந்த கிராமத்துக்கு வந்து சேர்ந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அங்கன யாரும் எங்கிட்ட காப்பி கேக்கல."

அடுத்து அதைத்தான் கேட்பதாக இருந்தேன்.