மாப்பிள்ளை வாட்ச் ஒரிஜினலா?

வாட்ச் ரிப்பேர்க்காரனுக்குப் பின்மூடியைத் திறப்பது சுலபம். உள்ளே பார்த்ததை எதிரே நிற்பவரிடம் சொல்வதுதான் பெரும்பாடு. நான் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்தது, எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த காலம். மணி பார்க்க வாட்ச் தேவையில்லை என்றானதும், பெருமைக்குக் கட்ட ஆரம்பித்தார்கள். பர்மா பஜார் டூப்ளிகேட் புண்ணியத்தில் சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க சுவிஸ் வாட்ச்! நகைக்கடையில் உரசிப் பார்த்துச் சொல்பவர்களும், ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர்களும் என் அவஸ்தையைப் புரிந்துகொள்வார்கள்.

அமுங்காத பட்டன்

வள்ளூர் பக்கம் கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். வாட்ச் முகத்தில் மூன்று குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பட்டன். பட்டன் அமுங்கவில்லை என்பது புகார். திறந்தால், அவ்வளவு பெரிய கேஸுக்கு நடுவில் சுண்டைக்காய் அளவு பேட்டரி மெஷின், சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம். பட்டன்கள் வெளியே ஒட்டவைத்தவை. குட்டி வட்டங்கள் வெறும் அச்சு.

"பட்டன் சும்மா ஷோவுக்குத்தான் சார்" என்று மென்று விழுங்கினேன். அவர் கையை நீட்டினார்.

"அமுக்காத வரிக்கும் ஒரிஜினல்தானே? நான் இன்னாத்துக்கு அமுக்கப் போறேன், மூடிக் குடு!"

சரித்திரம் பேசிய பலன்

சோழவரத்து ரைஸ் மில் முதலாளியிடம் இருந்தது அசல் சுவிஸ். தினமும் சில விநாடி பின்தங்குகிறது என்று குறைப்பட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. பனி மூடி வயல்வேலை நின்றுபோகும் மாதங்களில் சுவிட்சர்லாந்து விவசாயிகள் வீட்டிலேயே உட்கார்ந்து பல்சக்கரம் ராவிய கதையைச் சொன்னேன். முடியைவிட மெல்லிய ஒரு சுருள் ஸ்பிரிங் சுருங்கி விரிகிற கணக்கில்தான் நேரமே ஓடுகிறது, அதனால் சில விநாடி முன்னே பின்னே ஆகத்தான் செய்யும், டூப்ளிகேட்டில் பேட்டரி இருப்பதால் அது சரியாக ஓடும் என்றும் விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், பின்மூடியைக் கழற்றி அந்தச் சுருளையும் காட்டினேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நான் ஒரிஜினலு கட்டிக்கினு, டூப்ளிகேட்டு கட்டிக்கினு கீற என் டிரைவராண்ட டைம் கேக்கணுமா?"

சம்மந்திகள் வந்த மதியம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பு. அன்று மதியம் மூன்று பேர் சிரிக்காமல் உள்ளே வந்தார்கள். பழவேற்காட்டில் நண்டு, இறால் வியாபாரம் செய்யும் கரீம் பாய். அவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்த அன்வர். அன்வரின் அம்மா ஜமீலா. நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் என் மேஜைக்கு வந்தது. கரீம் பாயின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடிய வாட்ச், இப்போது காலையில் சரிசெய்தால் மதியத்துக்குள் கால்மணி நேரம் முந்துகிறதாம். டூப்ளிகேட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று ஜமீலாம்மா நிக்காஹ் நாள் குறிப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்.

கரீம் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று முகம் சொன்னது. திறந்தேன். யார் கண்ணிலும் படாத அடிப்பாகம்வரை மெருகு ஏற்றியிருந்தார்கள். "ஒரிஜினல்!" என்று நான் சொன்னதும் பாய் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். ஜமீலாம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஒரிஜினலுன்னா இன்னாத்துக்கு இந்த ஓட்டம் ஓடுது? அதுக்கு பதில் சொல்லு, அப்பால நாள் குறிக்கறேன்."

காந்தம் பிடித்த கல்யாணம்

எனக்கு வியர்த்துக் கொட்டியது. லென்ஸ் வைத்து மறுபடி பார்த்தால், சுருள் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. சுருள் அப்படிக் குறுகிப்போனால் முள் ஓட்டமாக ஓடும். திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதன் ஊசி பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. "வாட்சுல காந்தம் ஏறியிருக்கு, எங்கே தம்பி வேலை?" என்று அன்வரைக் கேட்டேன். இரும்பு ஃபேக்டரி ஸ்கிராப் யார்டில், பழைய இரும்பைத் தூக்கும் காந்தக் கிரேனுக்குக் கீழே. அங்கே வாட்ச், செல் எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க ஊட்ல போட்டது சார், கழட்ட மனசு வரல" என்றான். கரீம் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

காந்தம் எடுக்கிற மெஷினில் வாட்சைக் காட்டி மெதுவாக விலக்கினேன். சுருள் பிரிந்தது, திசைகாட்டி ஊசி அடங்கியது. டீ வரவழைத்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எல்லோரும் காத்திருந்தோம். முள் முந்தவில்லை. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த குட்டித் திருகாணிகள் பறந்திருக்கும். ஜமீலாம்மா டீயைக் குடித்துமுடித்து, முதல்முறையாகச் சிரித்தார்.

"இத்த ஊட்ல பத்திரமா வெச்சிடலாம், வர்ற மாசமே நிக்காஹ்வ முடிச்சிடலாம், டூட்டிக்குக் கட்டிக்கினு போறதுக்கு மட்டும் நல்ல டூப்ளிகேட்டா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க சம்மந்தி!"

வாட்ச் ஒரிஜினல் என்று நான் வியர்த்துக்கொட்டி நிரூபித்துக் காப்பாற்றிய சம்பந்தம், கடைசியில் ஒரு டூப்ளிகேட் வாங்கித்தான் முடிவானது.