படக்காரரின் ஒரே வசனம்

அந்த ஒலிநாடாவை நேற்று மறுபடி ஓடவிட்டேன். நாற்பது நிமிடத்தில் பாதிக்கு மேல் காலடிச் சத்தமும் இருமலும்தான். நடுவே ஓர் அசடு "ஆகா, ஆகா" என்கிறது. அந்த அசடு நான்தான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். பேசும் படம் வந்த புதிதில், ஓர் ஊமைப் படத்தையே வசனமும் பாட்டும் சேர்த்துத் திரும்ப எடுத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரு துண்டுச் சுருள்கூட மிச்சமில்லை. ஊமைப் படத்தில் மகனாக நடித்தவர் கொல்லிமலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். இளவயதில் மலையிறங்கி மதராஸ் வரை போய் வந்தவர். மலைமேல் அவர் ஊர் இருக்கும் வளப்பூர் நாட்டில் படக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். எண்பதைத் தாண்டியும் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்.

பேசும் படத்திலும் அவரையே போட்டார்களாம். ஓடிப்போன மகன் திரும்பி வந்து, வாசலில் நின்று தாயிடம் சொல்ல ஒரே ஒரு வசனம். "மனப்பாடம் பண்ணித்தானுங்க போனேன். வாயைத் தொறந்தா, 'ஆத்தா, ஊட்டுக்கு வந்துட்டேனுங்க'ன்னு வந்துருச்சு. அத்தனை பேரும் சிரிச்சுப்போட்டாங்க." அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

ஊமைப் படத்தில் அதே கட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அதை என்னத்தச் சொல்றதுங்க, பாருங்க" என்று எழுந்து நடித்தே காட்டினார். வாசற்படியில் ஒரு காலை வைத்தார், எடுத்துக்கொண்டார். என்னிடம் இருந்ததோ டேப் ரெக்கார்டர். செய்வதை வாயாலும் சொல்லுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்று மலைக்குப் போகிற ஒவ்வொருவனும் அருவியைப் போனில் பிடித்துக்கொண்டு வருகிறான். அந்தப் படத்தில் மிஞ்சியிருந்தது அவர் உடம்பு ஒன்றுதான், அதைக் கோட்டைவிட்டேன். கடைசியில் கும்பிட்டாரா, கையைக் கட்டிக்கொண்டாரா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. நினைக்க நினைக்க எரிச்சலாக வருகிறது.

நாடாவில் தெளிவாக விழுந்திருந்தது அந்த வசனம்தான். அதையாவது ஒழுங்காகப் போட்டேனா? சிரித்த கதை அவருக்கு அவமானம் என்று நானே முடிவுசெய்து அதை வெட்டினேன். அவர் பேசிப் பார்த்த வசனம் என்று, "அம்மா, வீட்டிற்கு வந்துவிட்டேன்" என நல்ல தமிழில் எழுதினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

பத்திரிகை வந்ததும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். அவருடைய மகள் படித்துக் காட்டினார். அந்த வரி வந்ததும் படக்காரர் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"இப்புடித்தானுங்க படம் எடுத்தவங்களும் சொல்லச் சொன்னாங்க" என்றார் என்னிடம். "நான் சொன்னது உங்களுக்கும் ஆகலைங்களா, கண்ணு?"