மரியாதைக்குச் சொன்ன மொழி

பாறசாலையில் உள்ள என் தையல்கடைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெண். கேரள-தமிழ்நாடு எல்லையோரக் குடும்பங்கள் பிள்ளைகளை எந்த மொழிப் பள்ளியில் சேர்க்கின்றன, ஏன் சேர்க்கின்றன என்பதுதான் அவருடைய பிஎச்டி. ஒல்லியான உடம்பு, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி. நாம் பதில் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருப்பார்.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். துணி தைக்க வந்திருந்த பெண்களும் நானும் மலையாளம் என்றோம். அடுத்த மாதம் வந்து அதையே தமிழில் கேட்டார். அதே பெண்கள், அதே நான், தமிழ் என்றோம். அவர் வாயிலிருந்த மூடி கடக்கென்று உடைந்தது.

"அக்கா, எனக்க கைடு என்னைக் கொன்னு போடுவாரு. எதுக்கு இப்படிப் பொய் சொன்னிய?"

"பொய்யொண்ணும் இல்ல மக்கா. ரெண்டும் எங்க வீட்டுல உண்டு. கேக்குத ஆளுக்க பாஷையைச் சொல்லுதது ஒரு மரியாதையாக்கும்."

"மரியாதையை வச்சு நான் எப்படி தீசிஸ் எழுத?"

அப்போது அவருடைய அம்மா போனில் அழைத்தார். மதியம் சாப்பிட்டதைப் பற்றி இருவரும் நல்ல மலையாளத்தில் சண்டை போட்டார்கள். போனை வைத்ததும் நான் தமிழில் கேட்டேன்.

"உனக்க வீட்டுல என்ன பாஷை மக்கா?"

"தமிழு" என்றார் சட்டென்று. பிறகு கடிப்பதற்கு மூடியைத் தேடினார்.

அவருக்குப் பட்டம் கிடைத்ததா என்று தெரியாது. கிடைத்திருந்தால், அந்த ஒரு பதிலை எந்த அத்தியாயத்தில் ஒளித்து வைத்தார் என்பதுதான் என் சந்தேகம்.