பூட்டிய வீட்டுக்கு வைத்த பச்சைப் புள்ளி

காவிரியில் வெள்ளம் ஏறியபோது, பள்ளிபாளையத்தில் கரையோர மக்களை வெளியேற்றும் குழுவில் நானும் இருந்தேன். எல்லோர் செல்போனிலும் ஒரே இலவச வரைபடம்; ஒருவர் வைக்கும் புள்ளி மற்றவர்களுக்கும் தெரியும். ஆள் இருக்கும் வீட்டுக்குச் சிவப்பு, காலி வீட்டுக்குப் பச்சைப் புள்ளி வைப்போம். பச்சைக்குப் படகு போகாது.

ஒரு வீட்டில் பூட்டு தொங்கியது. பச்சை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, தறிக்கூடத்திலிருந்து முகாமுக்கு ஓடிவந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க? நைட் ஷிப்ட் முடிச்சுட்டு உள்ள தூங்குறாருங்க. நாந்தான் வெளிய பூட்டிட்டு வந்தனுங்க!"

நான் பச்சை வைத்த அதே வீடு. புள்ளியைச் சிவப்பாக்கப் பார்த்தேன். சிக்னல் இல்லை. படகுக்காரரிடம் கத்திக்கொண்டே ஓடினேன். படகில் போய்ப் பூட்டை உடைத்தபோது அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதவைக் குத்திக்கொண்டிருந்தார். கையெல்லாம் ரத்தம்.

நானும் தறிக்காரிதான். பகலில் தூங்கும் கணவரை அப்படியே பூட்டிவிட்டுப் போகிறவள்தான். எனக்கே தோன்றவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளம் வந்தால் பூட்டிய வீட்டுக்குச் சிவப்புதான் வைக்கிறேன். விசாரித்த பிறகே பச்சை. என் கணவரையும் எழுப்பி, உள்ளே தாழ் போடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். தூக்கம் கெட்டுவிட்டதென்று தினமும் திட்டுகிறார். திட்டட்டும்.