வெள்ளிக்கிழமைக் கொண்டைக்கடலை

முத்துப்பேச்சி சமையல்கூடத்தைத் திறக்கும்போது போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் பஸ் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும். முதலில் அரிசியை முறத்தில் கொட்டிப் புழு பார்ப்பாள். பிறகு காய் நறுக்க உட்காருவாள். முட்டி மடங்க நேரம் ஆகிறது. எழுந்திருக்க அதைவிட நேரம் ஆகிறது. உதவியாளர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆயிற்று. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. எழுபத்தொரு பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் சோறு வடிக்கிறாள், முட்டை உரிக்கிறாள், அண்டாவைக் கவிழ்த்துத் தேய்க்கிறாள். அவளுடைய ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

எந்தக் கிழமை என்ன சமைப்பது என்பது மேலே முடிவாகி வருகிறது. முட்டை தினமும் உண்டு. செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை சாதம். வெள்ளிக்கிழமை கீரை சாதமும் உருளைக்கிழங்கும். அவளுக்கு அந்தப் பட்டியல் மேல் வருத்தம் எதுவும் இல்லை. படித்தவர்கள் உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு இத்தனை கிராம் என்று பார்த்துப் போட்டது. அவர்களுக்குக் காய் எடுப்பு தெரியாது, அவ்வளவுதான்.

ஆடி முடிந்தால் மலையில் ஏலக்காய் எடுப்பு. திங்கட்கிழமை விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அன்றே இறங்கிவிடுவார்கள். தூரத்து எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் அங்கேயே லயத்து வீடுகளில் தங்கிச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்கள். ஞாயிறு வீட்டில் கறி வேகும். திங்களும் செவ்வாயும் அம்மா வைத்துவிட்டுப் போன குழம்பைச் சுண்டவைத்து ஓட்டலாம். புதனோடு அது தீரும். வியாழக்கிழமை அப்பா புரோட்டா வாங்கி வருவார், நிதானத்தில் இருந்தால். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றும் இருக்காது. செவ்வாய்க்கிழமை தட்டுகளில் கடலை மிஞ்சுவதும், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தட்டை விரலால் வழிப்பதும் இதனால்தான்.

இதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலை கிடைக்குமுன் பதினோரு வருடம் அவளும் ஜீப்பில் போனவள். மகன் கார்த்தி இப்போது திருப்பூரில் இருக்கிறான். ஒரு தீபாவளிக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"வெள்ளிக்கெழமை ஆனா ரோட்டுல வந்து நிப்பேம்மா. மறுநாத்தான் ஜீப்பு வரும்னு தெரியும். இருந்தாலும் நிப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த வருடம் ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனையில் பவதாரணி மடங்கி விழுந்தாள். ஆறாம் வகுப்பு. ஐந்தாவது வரை பள்ளியில் காலை உப்புமாவும் பொங்கலும் உண்டு. ஆறாவது போனால் கிடையாது. அவள் அம்மா வீரலட்சுமி மலையில் தங்கி வேலை பார்க்கிறவள். பிள்ளையைச் சமையல்கூடத்தில் படுக்கவைத்தார்கள். முத்துப்பேச்சி சோற்று நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள்.

"காலையில என்னடி தின்ன?"

"பல்லு வெளக்குனேன் ஆத்தா."

அடுத்த வாரத்திலிருந்து அவள் கடலையை மாற்றினாள். செவ்வாய்க்கிழமைச் சோற்றில் காரட்டும் பீன்ஸும் மட்டும். வியாழன் சாயங்காலம் கடலையை ஊறப்போட்டு, வெள்ளிக்கிழமை வேகவைத்து உருளைக்கிழங்கோடு பிரட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் அங்கே இல்லை. சத்துணவு அமைப்பாளர் மகாராணிக்கு மூன்று பள்ளிப் பொறுப்பு. ஸ்கூட்டியில் வருவாள், சாமான் அறையைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் பவதாரணி இரண்டாம் தடவை தட்டை நீட்டுவாள்.

"இப்ப வச்சது எங்கடி போச்சு?"

"மேல போயிருச்சு ஆத்தா."

"மேலயா?"

"வளந்துட்டேன்ல."

"வாய்தான் வளந்திருக்கு. தட்டக் கொண்டா."

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். சோற்றைக் கையால் கிளறினார்.

"கடலை எங்கம்மா?"

அவள் சாமான் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் சாமான் அறைக்குப் போய் டின்னைத் திறந்து நிறுத்துப் பார்த்தார். கடலை இருக்க வேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. குறைந்திருந்தால் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சாமான் இருக்கு. சோத்துல இல்ல. ஏன்?"

"வெள்ளிக்கெழமைக்கு சார்..."

"வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கும்மா."

கெட்ட மனிதர் இல்லை. முட்டை மசாலா நன்றாயிருக்கிறது என்றார். அன்றைக்கு அவருக்கு இன்னும் நான்கு பள்ளி இருந்தது.

பத்து நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மகாராணி அதோடு ஒரு வெள்ளைத் தாளையும் கொண்டுவந்தாள்.

"அக்கா, மறந்துட்டேன்னு எழுதிருவோம். வெரசா முடிஞ்சிரும்."

"நான் எங்க டீச்சர் மறந்தேன்?"

"தெரியும்க்கா."

"உள்ளதச் சொன்னா என்ன?"

"உள்ளதச் சொன்னா, பட்டியல நீங்களா மாத்துனதா ஆகும். வேணும்னு செஞ்சா வேலையில கை வப்பாங்க. மறதின்னா எச்சரிக்கையோட விட்ருவாங்க. இன்னும் பதினாலு மாசம் கெடக்கு. மலைக்குப் போயி இந்த முட்டியோட காய் எடுப்பீங்களா?"

"பிள்ளைக வெள்ளிக்கெழமை வெறும் வயித்தோட வருதுக."

"எனக்குத் தெரியாதாக்கா? எங்கம்மாவும் மேல தங்குனவதான்."

முத்துப்பேச்சி தாளை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு மகாராணி எழுதினாள். முத்துப்பேச்சி எழுத்துக்கூட்டிப் படித்தாள். வயது காரணமாக ஏற்பட்ட மறதி என்று இருந்தது.

"வயச எதுக்கு இழுத்த?"

"அப்பத்தான் நம்புவாங்க."

கையெழுத்துப் போட்டாள். எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை நடந்தால் பணியிலிருந்து நீக்கப்படுவாள் என்று கடைசி வரி. கூடவே, மறக்காமல் இருப்பதற்காக, கிழமைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் அதை ஒட்டினார்கள். எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும், எது மஞ்சள் கருவை முதலில் தின்னும் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து காய் நறுக்கும்போதெல்லாம் அந்தத் தாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடலை சாதம் செய்தாள். கைகழுவும் குழாயடியில் கடலை குவிந்து கிடந்தது. காக்கைகள் கொத்தின. துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள்.

வெள்ளிக்கிழமை கீரை சாதம், உருளைக்கிழங்கு. பவதாரணி முதல் ஆளாக வந்து நின்றாள்.

"கடலை எங்க ஆத்தா?"

"செவ்வாக்கெழம போட்டாச்சுல்ல."

"அன்னைக்குப் பசிக்கலையே."

"தள்ளிப் போடி. பின்னால ஆளு நிக்குது."

உருளைக்கிழங்கு எல்லோருக்கும் ஒரு தடவைதான் வந்தது. பவதாரணி இரண்டாம் தடவை வந்தபோது அண்டாவைச் சுரண்டிப் போட்டாள். அடியில் ஒட்டியிருந்த கீரைதான்.

அண்டா தேய்த்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. வெளியே வந்தபோது ரோட்டோரம் பவதாரணி பையோடு நின்றிருந்தாள். மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மேகம் இறங்கியிருந்தது, ரோடு ஒரு திருப்பத்துக்கு அப்பால் தெரியவில்லை.

"நாளைக்குத்தானடி ஜீப்பு."

"தெரியும் ஆத்தா."

முத்துப்பேச்சி பஸ் வந்தும் ஏறவில்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்வரை அங்கேயே கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், மறுநாளைக்கு ஊறப்போடக் கடலை டின்னை இறக்கினாள். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடினாள். மேல் தட்டில் தூக்கி வைக்கும்போது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தேய்த்துக்கொண்டே கதவைப் பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு மகாராணி வந்தாள். ஆவி பறக்கும் அண்டாவில் எட்டிப் பார்த்தாள். காரட் இருந்தது. பீன்ஸ் இருந்தது.

"அக்கா, கடலை?"

"மறந்துட்டேன்."

மகாராணி சுவரைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் செவ்வாய் என்று இருந்தது.

"சோலி போயிரும்க்கா. இன்னொருக்கா வந்து பாத்தாங்கன்னா எழுதுறதுக்குக் காரணமே இல்ல."

"அதான் போன தடவையே எழுதுனியே, வயசுன்னு. அது இப்பக் கொறஞ்சா போச்சு?"

மகாராணி சிரிக்கவில்லை. ஒரு கரண்டி எடுத்துச் சோற்றை அடியோடு ஒருமுறை கிளறிவிட்டாள், காய் மேலே தெரியும்படி. பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போனாள். உரிக்க வேண்டிய முட்டை பாதி மிச்சம் இருந்தது. முத்துப்பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.